காலத்துக்கு முன் நிற்கும் மாதவிடாய்



நாற்பத்தொரு வயதில் மாதவிடாய் நின்றுவிட்டால், "இனி ரமளானில் நோன்பு விடுபடாது" என்று ஆறுதல் கொண்டு, மருத்துவரிடம் செல்லாமலே இருந்துவிடும் பெண்கள் நம் குடும்பங்களில் உண்டு. ஆனால், 45 வயதுக்கு முன்பே அது நிற்பதை மருத்துவம் இயல்பென்று கொள்வதில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 இலட்சம் முட்டைகள் இருக்கின்றன. அந்தச் சேமிப்பு கரைந்து தீரும்போது மாதவிடாய் நிற்கிறது. பரம்பரையும் புகைப்பழக்கமும் இதனை விரைவுபடுத்தும் என்பது அறிந்ததே. இரசாயனங்களுக்கும் இதில் பங்குண்டோ?

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 111 இரசாயனங்களை ஆராய்ந்ததில், 15 பொருள்கள் உடலில் மிகுதியாக இருந்த பெண்களுக்குச் சுமார் 2 முதல் 4 ஆண்டுகள் முன்னதாகவே மாதவிடாய் நின்றிருந்தது. அப்பதினைந்தில் பி.எச்.சி.யின் ஒரு கூறும், டி.டி.டி. சிதைந்து உண்டாகும் பொருளும் அடங்கும்.

இவ்விரண்டும் நமக்குப் புதியவை அல்ல. வேளாங்கண்ணி முதல் தஞ்சை வரை பரந்த நெல்வயல்களில் உழவர்களுக்குப் பழகிய பெயர்கள் இவை. பரங்கிப்பேட்டை அருகே நெல்வயலில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், தூவிய பி.எச்.சி.யின் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்தது தெரியவந்தது. வேளாண்மையில் டி.டி.டி. 1989இலும், பி.எச்.சி. 1997இலும் தடை செய்யப்பட்டன. எனினும் இவை மண்ணிலும் உடற்கொழுப்பிலும் பல்லாண்டுகள் தங்குபவை. அன்று வரப்போரம் விளையாடிய சிறுமியரே இன்று இவ்வயதை எட்டியிருக்கிறார்கள்!

இவ்வாய்வு காட்டுவது தொடர்பை மட்டுமே. இதுதான் காரணம் என்று அது முடிவு கட்டவில்லை. ஆகவே அஞ்ச வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

பூச்சிமருந்து டப்பாக்களை எவ்வளவு கழுவினாலும் வீட்டில் பயன்படுத்தாதீர்கள். வயலில் மருந்தடித்த ஆடைகளைத் தனியே துவையுங்கள். அப்பதினைந்தில் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் பொருள்களும் உண்டு. எனவே சூடான சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்குவாளி கொண்டு செல்லுங்கள்.

45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் மகளிர் மருத்துவரைக் காணுங்கள். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு முன்னதாகவே குறைந்தால் எலும்பு தேயும். இதயநோய்க்கும் வாய்ப்புக் கூடும். உரிய பரிசோதனையும் சிகிச்சையும் இருக்கின்றன. கணவன்மார்களே! வெட்கத்தால் அவர்கள் தயங்கினால், நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.