பெயர் பதிவேட்டில் இருக்கிறது, பையன் எங்கே?

எங்கள் படிப்பகத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு தம்பி போன வாரம் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். உலக நாடுகளில் தொடக்கப்பள்ளியில் ஆண் பிள்ளைகளின் சேர்க்கை விகிதம். நாடுகளை வரிசைப்படுத்தி, பக்கத்தில் சதவீதம் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு நேராக நூறைத் தாண்டிய ஓர் எண். "நூறு பேர்ல நூத்துச் சொச்சம் பேர் எப்படிக்கா ஸ்கூல்ல சேர முடியும்?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. அந்தப் பட்டியலை நம்பி ஒரு கட்டுரையோ ஒரு மேடைப் பேச்சோ தயாரிக்கும் எந்த மாணவரும் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பதில் கடினமில்லை. பட்டியலில் இருப்பது மொத்தச் சேர்க்கை விகிதம். 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை பெயர் பதிந்திருக்கும் எல்லோரையும், வயது என்னவாக இருந்தாலும், கூட்டிக்கொள்வார்கள். அதை 6 முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஐந்து வயதில் சேர்த்துவிடப்பட்ட பையனும், ஒரே வகுப்பில் மறுபடி உட்காரவைக்கப்பட்ட 12 வயதுப் பையனும் மேலே இருக்கும் எண்ணில் வருவார்கள், கீழே இருக்கும் எண்ணில் வரமாட்டார்கள். அதனால் நூறைத் தாண்டும். சரியான வயதில் இருப்பவர்களை மட்டும் எண்ணும் நிகரச் சேர்க்கை விகிதம் வேறு. அது நூறைத் தாண்டாது. இரண்டையும் கலந்து போட்டு "ஜப்பானைவிட நாங்கள் முன்னே" என்று பெருமைப்படும் பதிவுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

இந்தியக் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கீழே வைத்து வகுக்கும் அந்த எண் எங்கிருந்து வருகிறது? 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு வந்து நிற்கிறது. ஆக, 2011 கணக்கெடுப்பை வைத்து ஊகித்த எண்தான் இன்றைக்கும் அடித்தளம். மேலே இருக்கும் எண்ணும் உறுதியானதல்ல. 2022-23 முதல் மத்திய அரசின் யூடைஸ் பிளஸ் கணக்கெடுப்பு, பள்ளி கொடுக்கும் மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு மாணவரின் பெயரையும் தனித்தனியாகப் பதியச் சொன்னது. அதன் பிறகு, 2021-22-இல் 26 கோடியைத் தாண்டியிருந்த மொத்தச் சேர்க்கை 2023-24-இல் 24.80 கோடியாக இறங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் பெயர்கள் இல்லை. கணக்கு எடுக்கும் முறை மாறியதால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது, இரண்டு இடத்தில் இருந்த பெயர்கள் நீக்கப்பட்டன என்று விளக்கம் வந்தது. இருக்கலாம். அப்படியென்றால் அதற்கு முன் பல ஆண்டுகள் நாம் உலகத்துக்குக் காட்டிய விகிதம் எந்தப் பிள்ளைகளுடையது?

ஆண் பிள்ளைகளின் விகிதத்தை ஏன் தனியாக எடுக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வோம். பெண் பிள்ளைகளின் விகிதத்தை ஆண் பிள்ளைகளின் விகிதத்தால் வகுத்தால் பாலினச் சமநிலைக் குறியீடு கிடைக்கும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெண் பிள்ளைகள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று பொருள். பெண்களுக்காகப் போராடியவர்களுக்கு இந்தக் குறியீடு பெரிய ஆயுதமாக இருந்தது, அதில் நமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த வகுத்தலில் ஆண் பிள்ளை ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறான். அளவுகோலை யாரும் அளப்பதில்லை. எந்த ஆண் பிள்ளை, எந்தத் தெருவிலிருந்து வருகிறவன், எத்தனை நாள் வருகிறான் என்ற கேள்விகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

பாபாசாகேப் இந்தக் கேள்விகளைக் கேட்டார். 1927 மார்ச், அதாவது மகத் குளத்தில் தண்ணீர் எடுத்த அதே மாதம், பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசினார். தொடக்கப்பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் 18 பேர்தான் நான்காம் வகுப்பை எட்டுகிறார்கள், மீதி 82 பேர் மறுபடி எழுத்தறியாதவர்களாகிறார்கள் என்று கணக்குக் காட்டினார். அதோடு விடவில்லை. மாகாணத்தின் சமூகங்களைப் பிரித்து, மக்கள்தொகையில் யார் எந்த இடம், கல்வியில் யார் எந்த இடம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சேர்க்கை, தங்குதல், சாதி என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்க்காமல் கல்விக் கணக்கு பேசக்கூடாது என்பதை ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்து காட்டிவிட்டார். நம் தோழர்கள் சிலர் இன்னும் உலகப் பட்டியலின் முதல் வரியைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

நாடுகளை ஒப்பிடவே வேண்டாம் என்பது எங்கள் வாதமில்லை. ஒப்பிடுவோம், வேறு விதமாக. 97, 98 என்ற எண்களை வரிசைப்படுத்துவதற்குப் பதில், மீதி இருக்கும் இரண்டு பேரையும் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

லெசோத்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாபுறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு. அங்கே பல பத்தாண்டுகளாகப் பள்ளியில் பெண் பிள்ளைகள் அதிகம், ஆண் பிள்ளைகள் குறைவு. காரணம் மாடும் ஆடும். ஏழைக் குடும்பத்துப் பையன் ஐந்தாறு வயதிலேயே மந்தையோடு மலைக்கு அனுப்பப்படுகிறான். சொந்த மந்தை இல்லாத வீட்டுப் பையன் அடுத்தவர் மந்தைக்குப் போகிறான். 2000-லிருந்து வகுப்பு வகுப்பாகக் கட்டணத்தை நீக்கினார்கள், 2010-இல் கட்டாயக் கல்விச் சட்டமும் வந்தது. மந்தையோடு போன பையன்களில் பலர் அதற்குப் பிறகும் பள்ளிக்கு வரவில்லை. சமநிலைக் குறியீட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அது பெண்கள் முன்னேறிய நாடு. பண்ணையில் ஆடு மேய்த்த தாத்தாவைக் கொண்ட நமக்கு அந்தப் பையனை அடையாளம் தெரியும்.

செனகலிலும் பெண் பிள்ளைகளின் விகிதம் ஆண் பிள்ளைகளைத் தாண்டிவிட்டது. அங்கே டாக்கர் நகரத் தெருக்களில் தகரக் குவளையோடு பிச்சை எடுக்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். மதப் பாடம் படிக்க கிராமத்திலிருந்து ஆசிரியரிடம் அனுப்பப்பட்ட ஏழை வீட்டுப் பையன்கள். அரசின் பள்ளிச் சேர்க்கைக் கணக்கில் அவர்கள் இல்லை.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது ஜப்பான். 1872-இல் எல்லோருக்கும் பள்ளி என்று ஆணை போட்ட நாடு. 1873-இல் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரும் பெண் பிள்ளைகளில் 15 பேரும்தான் சேர்ந்திருந்தார்கள். முப்பது ஆண்டுகளில் அது 90-ஐத் தாண்டியது. கல்வித் துறைப் புத்தகங்கள் இந்தக் கதையை இதோடு முடித்துவிடும். அங்கே புராக்கு மக்கள் என்று ஒரு சமூகம் உண்டு. தோல் வேலை, இறைச்சி வெட்டும் வேலை, பிணம் தொடர்பான வேலை என்று பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்கள். 1871-இல் அந்த இழிநிலையைச் சட்டப்படி நீக்கினார்கள். ஆனால் அடுத்த ஆண்டு தொடங்கிய பள்ளிகளில் பல ஊர்களில் அவர்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, சேர்க்கை ஏறக்குறைய நூறாக இருந்த காலத்திலும், புராக்கு பிள்ளைகள் மாதக் கணக்கில் வகுப்புக்கு வராமல் இருந்தார்கள். 1950-களில் கொச்சி மாகாணத்தில் (நம் கொச்சி இல்லை, ஜப்பானில் ஒரு கொச்சி) வராத பிள்ளைகளின் வீடு தேடிப் போவதற்கென்றே ஆசிரியர்களை நியமித்தார்கள். 1961-இல் அதே மாகாணத்தில் நாகஹாமா என்ற இடத்தில் புராக்கு தாய்மார்கள் பாடப்புத்தகம் வாங்க முடியாது, அரசமைப்புச் சட்டம் கட்டாயக் கல்வி இலவசம் என்கிறது, புத்தகத்தைக் கொடு என்று போராடினார்கள். 1963-இல் இலவசப் பாடநூலுக்குச் சட்டம் வந்தது. இன்று ஜப்பானில் எல்லாச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் வாங்கும் இலவசப் புத்தகத்துக்குப் பின்னால் அந்தத் தாய்மார்கள் இருக்கிறார்கள். உலகப் பட்டியலில் ஜப்பானுக்கு எதிரே உள்ள எண்ணில் இதில் ஒரு வரியும் தெரியாது.

இலங்கையும் அப்படியே. 1945-இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் தெற்காசியாவில் முன்னணி இடம். ஆனால் மலையகத் தோட்டப் பள்ளிகள் 1970-களில் அரசு எடுக்கும்வரை தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் கொடுத்ததற்காகப் பள்ளிகளை எரித்தார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தது. உட்காருவதற்குத் தரைதான் இருந்தது.

நேபாளத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2015 அரசமைப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தலித் மாணவர்களுக்குத் தொடக்கக் கல்வி முதல் உயர்கல்வி வரை உதவித்தொகையோடு இலவசம் என்கிறது. பள்ளிக் கணக்கிலும் தலித் பிள்ளைகளைத் தனியாகக் காட்டுகிறார்கள். அதனால்தான் மேல் வகுப்புக்குப் போகப்போக அவர்கள் குறைவது அங்கே வெளியே தெரிகிறது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. தராய் சமவெளியின் முசஹர் மக்கள் இன்னும் எழுத்தறிவில் அடிமட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் கணக்கில் தெரிகிற குறையை வைத்து அரசிடம் கேட்க முடியும். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் கல்விச் சமத்துவத்தை அளக்கும் குறியீடு பால், கிராமம்–நகரம், வருமானம் என்று பிரிக்கச் சொல்கிறது. மாற்றுத்திறன், பழங்குடியினர், போர்ச் சூழல் என்பவையும் பட்டியலில் உண்டு. சாதி இல்லை. அதைச் சேர்க்கச் சொல்வது நம் தலைமுறையின் வேலை.

இனி நம் ஊர். 1953-இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழகம் அதை எதிர்த்தது, 1954-இல் காமராசர் ஆட்சியில் திட்டம் போனது. இது எல்லோருக்கும் தெரியும். 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று வழிவிட்டார்கள். அதற்கு ஏன் அந்த அளவு எதிர்ப்பு எழவில்லை? மளிகைக் கடைக்காரர் மகன் கல்லாவில் உட்காருவதும், செருப்பு தைப்பவர் மகன் ஊசி பிடிப்பதும், சூளைக்காரரிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்தின் மகன் கல் அறுப்பதும் நடைமுறையில் "குடும்ப உதவி" என்ற ஒரே சொல்லுக்குள் நுழைந்துவிடுகின்றன.

சூளைப் பையன் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் பகுதியில் பொங்கல் முடிந்ததும் காலனியில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன ஒரு நான்காம் வகுப்புப் பையனை, ஈரக் கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது பார்த்தோம். அவன் படித்த பள்ளியில் விசாரித்தால் அன்றைக்கும் அவனுக்கு வருகைக் குறி இருந்தது. கோபமாகத்தான் தலைமை ஆசிரியரிடம் போனோம். அவர் மறைக்கவில்லை. "பேரை எடுத்தா எண்ணிக்கை குறையும். குறைஞ்சா பக்கத்து ஊர் ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. அப்ப உங்க காலனிப் பிள்ளைங்க எல்லாருமே ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும், பரவாயில்லையா?" என்றார். பதில் சொல்ல முடியாமல்தான் திரும்பினோம். அவரைப் பொய்யர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எண்ணிக்கையை வைத்துப் பள்ளியை வாழவிடுவதும் சாகவிடுவதும் என்று ஓர் ஏற்பாடு இருக்கும்வரை எண்ணிக்கை பொய்யாகத்தான் இருக்கும். அந்தப் பொய் ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, யுனெஸ்கோவின் பட்டியலில் ஒரு தசமப் புள்ளியாகப் போய் உட்காரும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை அந்தப் பையனின் அப்பா கேள்விப்பட்டதே இல்லை. இடம்பெயரும் பிள்ளைக்கு வேறு பள்ளியில் சேர உரிமை உண்டு, டி.சி. வரத் தாமதமானாலும் அந்தப் பள்ளி மறுக்கக்கூடாது என்று அது சொல்கிறது. சூளையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருந்தது. அங்கே சேர்த்தோம். ஏப்ரல் வரை போனான். பிறகு அவர்கள் வேறு சூளைக்கு மாறிவிட்டார்கள்.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆய்வேட்டுக்கு உலக வங்கித் தளத்திலிருந்து வரைபடம் இறக்குங்கள், தப்பில்லை. கூடவே உங்கள் சொந்தத் தெருவில் 6 முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, போன மாதம் எத்தனை நாள் போனான், போகாத நாளில் எங்கே இருந்தான். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆண் பிள்ளையை எழுதுவது தங்கையை மறப்பதற்கல்ல, பல வீடுகளில் அண்ணன் சூளையில் இருந்தால் தங்கை கைக்குழந்தையோடு இருப்பாள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோர் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு இந்த நோட்டைக் கொடுத்து அனுப்புங்கள். சூளைப் பருவத்தில் பெயரை நீக்காமலும் பொய்யாகக் குறி போடாமலும் "இடம்பெயர்ந்தவர்" என்று பதிய வேண்டும், அதைக் காரணம் காட்டிப் பள்ளியை இணைக்கக்கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, பத்து ரூபாய்தான்.

கேள்வி கேட்ட தம்பி கிழக்குத் தெருவை எடுத்துக்கொண்டார். முதல் நாளே திரும்பி வந்து, "எங்க சித்தப்பா பையனையே எந்த வகுப்புன்னு எனக்குத் தெரியலக்கா" என்றார். மேட்டுத் தெருவுக்கும் ஓடைக்கரைக்கும் இன்னும் ஆள் வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் இருப்போம், நோட்டு நாங்கள் தருகிறோம்.