ஏலமலைச் சரிவும் நர்ஸின் அதிகாரமும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலை சிறிது இறங்கினால் அன்று மாலைக்குள் அச்செய்தி டில்லி வியாபாரி வரை எட்டிவிடுகிறது. அந்தக் காயைப் பறித்த ஸ்திரீ மலைமேல் மயங்கி விழுந்தால், அவளுக்கு அக்கணமே செய்யவேண்டுவது இன்னதென்று நிர்ணயிப்பவர் யார்? சுகாதார இலாகாவின் ஏடுகளில் இக்கேள்விக்கு ‘டாக்டர்’ என்று விடை எழுதியிருக்கிறது. மலைச்சரிவில் விடை வேறு. அங்கே நோயாளியை முதலில் பார்ப்பவர் துணை சுகாதார நிலையத்து நர்ஸ். நிர்ணயிப்பவரும் அவரே. ஆனால் நிர்ணயிக்கும் அதிகாரம் அவருக்கு அரைகுறையாகவே அளிக்கப்பட்டிருக்கிறது. இந்த முரண்பாட்டைத்தான் நாம் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

விடியுமுன்னர் ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து, போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் பெண்கள் போடிமெட்டு வளைவுகளில் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள்; பொழுது சாய்ந்தபின் திரும்புகிறார்கள். பகலில் மட்டும் திறந்திருக்கும் நிலையம் இவர்களுக்கு இருந்தும் இல்லாததே. குரங்கணிக்கு மேலுள்ள குடியிருப்புகளின் கஷ்டம் இதனினும் பெரிது. நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கும் அவலம் தேனி ஜில்லாவின் மலைக்கிராமங்களில் இன்னும் ஒழிந்தபாடில்லை. சமவெளியில் 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது சர்க்கார் விதி. விதி தலைகளை எண்ணுகிறது. நடக்கும் நாழிகையை எண்ணவில்லை. 2018 மார்ச் 11-ந் தேதி மூண்ட குரங்கணிக் காட்டுத்தீயில் 23 உயிர்கள் பலியாயின. தீக்காயம் பட்டவர்களை அச்சரிவிலிருந்து கீழே கொணரப்பட்ட பாட்டை நாடே கண்டது. பிறகு நாடு மறந்தது. மலைவாசிகளுக்கு மறக்க வழியில்லை.

நர்ஸ் செய்யும் நிர்ணயம் எத்தகையது என்பதைப் பட்டணத்து வாசகர்கள் அறிதல் நலம். பூச்சிமருந்து தெளித்துவிட்டு வந்த ஒருவர் வாந்தியெடுத்துத் தள்ளாடுகிறார். வெயிலின் களைப்பு என்று படுக்கவைத்தால் உயிர் போகலாம். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா, வாயில் நீர் ஒழுகுகிறதா, வியர்வை பெருகுகிறதா, நெஞ்சில் சளி இரைகிறதா என்று நோக்கி, ஆர்கனோ பாஸ்பேட் விஷமென்று தெளிந்து, உடையைக் களைந்து சோப்பிட்டுக் கழுவி, அட்ரோபின் கிடைக்கும் இடத்துக்கு விரைந்து அனுப்பவேண்டும். மற்றொரு வீட்டில் கைக்குழந்தைக்கு இருமல். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுகிறார். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50-ம், அதற்குமேல் ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40-ம் எட்டினால் நிமோனியாவெனக் கொள்ளவேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிமுறை. எக்ஸ்ரே வேண்டாம்; கவனமும் கடிகாரமும் போதும். இன்றிரவே மலையிறக்குவதா, மருந்து கொடுத்துக் காலைவரை பார்ப்பதா என்று முடிவு செய்வதும் வைத்தியமே. மழையிரவில் இறக்குவதிலும் ஆபத்துண்டு என்பது மலைவாசிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

இது புதிய தத்துவமன்று. அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் 1965-ல் லொரெட்டா போர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் கூடி, சோதித்தறிந்து சிகிச்சை செய்யும் நர்ஸுகளைப் பயிற்ற முதற்பள்ளி தொடங்கினர். நம் நாட்டிலும் கதவு அரைவாசி திறந்தே இருக்கிறது. பச்சிளங்குழந்தைக்குக் கடுந்தொற்று ஏற்பட்ட நிலையில் துணை நர்ஸே ஜெண்டாமைசின் கொடுக்கலாமென்று மத்திய சர்க்கார் 2014-ல் வழிசெய்தது. 2019-ம் வருஷத்திய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, சமூக சுகாதார ஊழியருக்கு வரம்புக்குட்பட்ட அனுமதி அளித்து, ஆரம்ப வைத்தியத்தில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுத இடங்கொடுத்தது. தமிழ்நாட்டு சர்க்கார் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். மாத்திரை வாசலுக்கு வந்ததுபோல் நிர்ணயிக்கும் அறிவும் அதிகாரமும் வரவேண்டாமா?

‘பட்டணத்தானுக்கு டாக்டர், மலையானுக்கு நர்ஸா?’ என்று டாக்டர்களில் சிலர் கேட்கின்றனர். இதை அலட்சியமாகத் தள்ளுவதற்கில்லை. ஏழைக்கு மட்டமான சரக்கு என்ற ஏற்பாட்டை நாமும் ஒப்போம். ஆனால் சரித்திரம் ஒன்று கூறுகிறது. 1946-ல் போர் கமிட்டி, லைசென்ஷியேட் வைத்தியர் வகுப்பை ஒழித்து, நாடெங்கும் ஒரே தரமான டாக்டரே இருக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தது. கமிட்டி அங்கத்தினருள் சிலர் உடன்படவில்லை. உயர்ந்த நோக்கம்; தரம் உயர்ந்தது; டாக்டரோ பட்டணத்தில் தங்கினார். முக்கால் நூற்றாண்டு கழிந்தும் அவர் மலையேறக் காத்திருக்கிறோம். எதிர்ப்புரைக்கும் கனவான்களில் எத்தனை பேர் குரங்கணிக்கு மேல் ஓராண்டு வாசம் செய்ய ஒப்புவர்?

ஆகவே நாம் கோருவது வெறும் பட்டத்தையன்று. நர்ஸுக்கு டாக்டரின் பக்கத்தில் நின்று பழகும் நீண்ட பயிற்சி வேண்டும். எந்த நோயில் எந்த மருந்தை அவரே தரலாம், எக்குறி கண்டால் தாமதமின்றி அனுப்பவேண்டும் என்பது தமிழில் அச்சிட்டுக் கையில் இருக்கவேண்டும். மருந்து அலமாரி வெறுமையாயிருக்கலாகாது. சந்தேகம் வந்தால் கேட்கப் பெயர் குறித்த ஒரு டாக்டர் இரவிலும் பதில் சொல்லவேண்டும். 2020-ம் வருஷத்திய தொலைமருத்துவ விதிகள் இதற்கு இடந்தருகின்றன. சிக்னல் கிட்டாத சரிவுகளுக்கு என்ன ஏற்பாடு என்பதை இலாகா சொல்லட்டும். எல்லாவற்றிலும் முக்கியம், விதிப்படி நடந்த நர்ஸுக்குப் பாதுகாப்பு. குழந்தை பிழைத்தால் புகழ் மேலிடத்துக்கு, இறந்தால் மெமோ நர்ஸுக்கு என்ற வழக்கம் இருக்கும்வரை, எவர் துணிந்து முடிவு செய்வார்? அஞ்சிய நர்ஸ் எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவார். அஞ்சிய ஏழை கூலி போகுமென்று போகாமலிருந்துவிடுவார்.

தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்ற தொல்லையையும் இரண்டு சர்க்கார்களும் கலந்து தீர்க்கவேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணின் சிகிச்சைக் குறிப்பு அவளுடனேயே எல்லை தாண்டவேண்டும். இதற்குக் காலம் பிடிக்கலாம். ஜீப் புறப்படுமுன்போ திரும்பியபின்போ இரண்டு மணி நேரம் நிலையத்தைத் திறந்துவைத்து, அதற்கென ஒரு நர்ஸை நியமிக்கச் சட்டமொன்றும் வேண்டியதில்லை. ஜில்லா சுகாதார அதிகாரியின் உத்தரவு ஒன்று போதும். அதை இம்மாதமே பிறப்பிக்கலாம்.