தப்பாகப் பேச விடுங்கள்

வீட்டுக்கு உறவினர் வருகிறார். காபி குடித்து முடிப்பதற்குள் பேச்சு பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்கு வந்துவிடுகிறது. "மாமாகிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசு" என்கிறோம். அவன் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறான். இரண்டாவது வாக்கியத்திலேயே, "டிட் நாட் வென்ட் இல்லடா, டிட் நாட் கோ" என்று எல்லோர் முன்னாலும் திருத்துகிறோம். மாமா சிரிக்கிறார். பிள்ளை தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விடுகிறான். அவன் நன்மைக்குத்தானே சொன்னோம் என்று நாமும் அதோடு மறந்துவிடுகிறோம்.

பள்ளி முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்தோம். பீஸ் கட்டினோம், டியூஷன் வைத்தோம். பயமில்லாமல் தப்பாகப் பேச வீட்டில் ஒரு நாளாவது இடம் கொடுத்தோமா?

அடுத்து வருவது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான கோச்சிங். அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதி 11 முதல் 14 நிமிடம்தான். தேர்வாளர் ஒரு தலைப்பு அட்டையைக் கொடுப்பார். யோசித்துக் குறிப்பெடுக்க ஒரு நிமிடம், பேச அதிகபட்சம் இரண்டு நிமிடம். "நான் மதிக்கும் மனிதர்", "நான் போய் வந்த ஊர்" என்று பிள்ளைகள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குச் சுவரைப் பார்த்து ஒப்பிக்கிற குரல் நம் அறை வரை கேட்கிறது. நன்றாகப் படிக்கிறான் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் மனப்பாடம் உதவாது. இளைஞர்கள் ஏன் கிராமத்தை விட்டுப் போகிறார்கள், அது நல்லதா என்கிற மாதிரி கேள்விகள் வரும். அங்கே பிள்ளை தன் கருத்தைச் சொல்லியாக வேண்டும்.

எந்த குரூப் எடுப்பது, எந்தக் கல்லூரி, எந்த நாடு என்று எல்லாவற்றையும் நாமே முடிவு செய்துவிட்டோம். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்றும் சொல்லி வளர்த்தோம். வீட்டில் தமிழிலேயே யாரும் கேட்காத கருத்தை அவன் முன்பின் தெரியாத ஒருவரிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வான்?

ரிசல்ட் வருகிறது. பல்கலைக்கழகம் கேட்டது ஆறரை, வந்தது ஆறு. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்ட மாணவர்களுக்குப் பட்டப்படிப்பு தொடங்குவதற்கு முன் ப்ரீ-செஷனல் என்ற ஆங்கில வகுப்பை நடத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் எலிகாஸ் என்ற பெயரில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஆங்கிலப் படிப்புகள் உண்டு. நம் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. "எதிர் வீட்டுப் பொண்ணு நேரா சேர்ந்துட்டா. நீ அங்க போய் மறுபடியும் ஏ பி சி டி படிக்கப் போறியா?" என்கிறோம்.

அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்தோமா? ஒரு மணி நேர விரிவுரையைக் கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது, கலந்துரையாடலில் மறுத்துப் பேசுவது, பிறர் எழுதியதை எடுத்தாண்டால் யாருடையது என்று குறிப்பிடுவது எல்லாம் அதில் அடக்கம். புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் இங்கே முழு மதிப்பெண். அங்கே ஆதாரம் காட்டாமல் எழுதினால் அது திருட்டு, விசாரணை வரைக்கும் போகும். ஏழு வாங்கிய பிள்ளைகள்கூட முதல் செமஸ்டரில் இதில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். பணம் கூடுதலாக ஆகும் என்ற கவலை நியாயமானது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற கவலைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளை போய்ச் சேர்ந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். "சாப்டியா? வேலை கிடைச்சுதா? பேங்க்ல இருந்து போன் வந்துச்சு." வகுப்பு நடக்கும் காலத்தில் மாணவர்கள் வேலை செய்ய வரம்பு உண்டு. பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பிரிட்டனில் வாரத்துக்கு 20 மணி நேரம். கனடாவில் கல்லூரிக்கு வெளியே 24. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருப்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் கிடைக்கிற ராத்திரி ஷிப்டை எடுத்துக்கொள்கிறான். கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலையில் பேச்சுக்கே இடமில்லை. விடிகாலையில் அறைக்கு வந்தால் நம் ஊர்ப் பையன்கள், தமிழ்ப் பேச்சு. அதில் தப்பே இல்லை, அந்தத் தனிமையில் அதுதான் ஆறுதல். நாமோ, அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலே பாஷை வந்துவிடும் என்கிற மாதிரி, "இங்கிலீஷ் நல்லா வந்துடுச்சா?" என்று கேட்கிறோம். "வந்துடுச்சும்மா" என்று சொல்லி போனை வைக்கிறான். வேறு என்ன பதிலை நாம் தாங்கிக்கொள்வோம் என்று அவன் நம்புவான்?

நம் யாருக்கும் பிள்ளைமேல் பாசம் குறைவில்லை. அந்தப் பாசமே அவன் வாயை அடைக்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்கவில்லை. எதிலிருந்து மாற ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் அவன் பேச்சைத் திருத்துவதை நிறுத்துவோம். வீட்டு விஷயங்களில் அவன் அபிப்பிராயத்தைக் கேட்போம், நமக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் முழுக்கக் கேட்போம். ஸ்கோர் குறைந்தால் மொழி வகுப்புக்கு ஆகும் செலவையும் படிப்புச் செலவிலேயே சேர்த்துக்கொள்வோம், அது முடியாவிட்டால் ஒரு வருடம் கழித்து அனுப்புவோம். போனில் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன், இந்த வாரம் வகுப்பில் என்ன புரியவில்லை என்று கேட்போம். "ஒண்ணுமே புரியலப்பா" என்று அவன் சொன்னால் பதறாமல் மேலே பேச விடுவோம்.

கடனைக் குடும்பமாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளலாம். அந்த வகுப்பறையில் கையைத் தூக்கி, "எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டியது பிள்ளை மட்டும்தான். அப்படிக் கேட்கிற தைரியத்தை எந்த கோச்சிங் சென்டரும் கொடுக்காது. அதை நாம்தான் கொடுத்தனுப்ப வேண்டும்.