பறித்துப் பூட்டிய பின் என்ன செய்யப் போகின்றோம்?

எமது பாடசாலையின் ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு அலுமாரி இருக்கின்றது. அதன் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கற் டின். மாணவர்களிடமிருந்து பறித்தெடுத்த கைத்தொலைபேசிகளை அதற்குள்தான் போடுவோம். சிலவற்றின் கண்ணாடி வெடித்திருக்கும். சிலவற்றை இறப்பர் பட்டி போட்டுக் கட்டியிருப்பார்கள். தவணை முடிவில் பெற்றார் வந்து கையொப்பமிட்டு எடுத்துச் செல்வது வழக்கம். ஒழுக்காற்றுக் குழுவுக்குப் பொறுப்பாசிரியன் நான். அலுமாரியின் திறப்பும் என்னிடந்தான். ஆகவே இந்த வழக்கில் நானும் ஒரு தரப்பு என்பதை முதலிலேயே சொல்லிவைக்கின்றேன்.

அண்மையில் பெற்றார் கூட்டம் ஒன்று வைத்தோம். ஒன்றரை மணித்தியாலம் நடந்தது. அதிபர் பேசினார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் பேசினார், பழைய மாணவர் சங்கத்தார் பேசினார்கள், நானும் பேசினேன். எல்லோரும் கைத்தொலைபேசியைத்தான் ஏசினோம். பேசிக்கொண்டிருக்கையில் மேசை மேலிருந்த எங்களது தொலைபேசிகள் மாறிமாறி அதிர்ந்துகொண்டிருந்தன. ஒருவர் கூட்டத்தை முகநூலில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார். “இந்தப் பிள்ளைகள் நாளைக்கு என்னவாகப் போகின்றார்கள்?” என்ற கேள்வியை அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளில் ஒருவரைக்கூட நாம் கூட்டத்துக்கு அழைத்திருக்கவுமில்லை.

எனது வாதம் இதுதான். பொழுதுபோக்குக் கருவி எது ஊருக்குள் வந்தாலும் எமது சமூகத்துக்கு இரண்டு காரியங்கள் மட்டுமே தெரியும். முதலில் தடுப்பது. தடுக்க முடியாமற் போனதும் சரணடைவது. இவ்விரண்டுக்கும் நடுவில் செய்யவேண்டிய காரியமொன்று இருக்கின்றது. பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இதைக் கொண்டு எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது, நீ என்னவாக நினைக்கின்றாய் என்று கதைப்பது. அதை நாம் அன்றும் செய்யவில்லை, இன்றும் செய்யவில்லை.

நாட்டில் ரூபவாஹினி 1982 இல் தொடங்கிவிட்டது. ஆனால் நான் சிறுவனாயிருந்த எண்பதுகளின் கடைசியில் எங்களூரில் மின்சாரமுள்ள வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். பெருநாள் இரவுகளில் ஜெனரேற்றர் வைத்து ‘டெக்’ போடுவார்கள். ஆளுக்கு இரண்டு ரூபாய். டெக் போட்ட வீட்டாரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துத் தண்டம் விதித்தார்கள். காசில்லாமல் வேலிக்கு வெளியே நின்று படம் பார்த்த எனக்கு வாப்பாவிடம் அடி கிடைத்தது. பத்துப் பதினைந்து வருடங்கள் கழிந்தன. தண்டம் விதித்தவர்களின் கூரைகளிலேயே டிஷ் அன்டனாக்கள் ஏறின. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பிள்ளைகள் ஓதிய நேரத்தை மெகா தொடர்கள் பிடித்துக்கொண்டன. அப்போது எவரும் கூட்டம் வைக்கவில்லை. ஏனென்றால் அம்முறை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பெரியவர்கள்.

இச்சமூகத்தில் வேறொரு வழியைக் காட்டியவரும் இருந்தார். அச்சியந்திரம் புதுமையாயிருந்த காலத்தில் சித்திலெப்பை அதைக் கண்டு பயந்தோடவில்லை. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1884 இல் கொழும்பில் மதுரஸாவொன்றை நிறுவப் பாடுபட்டார். 1885 இல் ‘அசன்பே’யின் கதையை அச்சிட்டு வெளியிட்டார். எகிப்திலிருந்து கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் சாகசக் கதை அது. அந்நாளின் பொழுதுபோக்கு என்றால் அதுதான். பத்திரிகையும் பாடசாலையும் நாவலும் ஒரே மனிதரின் மூன்று வருட உழைப்பில் வந்தவை. அவரது பெயரை நாம் ஆய்வரங்குகளுக்குச் சூட்டுகின்றோம். அவர் அச்சியந்திரத்துக்குச் செய்ததைக் கைத்தொலைபேசிக்கு யார் செய்வது என்று கேட்பதில்லை.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதுவரை கைத்தொலைபேசி வைத்திருந்த மாணவன் குற்றவாளி. மூடிய சில வாரங்களுக்குள் அது இல்லாத மாணவன் குற்றவாளியானான். “வட்ஸ்அப் குழுவில் பாடம் போட்டேன், ஏன் பார்க்கவில்லை?” என்று நானே அதட்டியிருக்கின்றேன். உம்மாமார் காதில் கிடந்ததை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், கிழமைக்கு ஒரு ரீலோட். பாடசாலைகள் மீண்டும் முழுமையாகத் திறந்ததும் நாம் மறுபடி பிஸ்கற் டின்னை வெளியில் எடுத்தோம். இடைப்பட்ட காலத்தில் அந்தக் கருவியை எவ்வாறு பாவிப்பது என்று ஒரு பாடவேளையாவது நாம் கற்பித்தோமா? இல்லை. வாங்கு என்று சொன்னோம், பின்னர் கொண்டுவராதே என்று சொன்னோம்.

2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது ஊரிலுள்ள பெரியவர்கள் தடுமாறிப் போனார்கள். மோட்டார் சைக்கிள்களையும் படகு இயந்திரங்களையும் வைத்திருந்தவர்கள் யாரைத் தேடிப் போனார்கள்? நாம் ‘கெட்டுப்போய்விட்டான்’ என்று முடிவு கட்டிய இதே பையன்களைத்தான். எனக்கும் எடுத்துத் தந்தவன் தரம் பத்து மாணவன். அவனது தொலைபேசியை அதற்கு முந்திய தவணை நான் பறித்து வைத்திருந்தேன்.

தீங்கே இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. சுபஹ் வரை துப்பாக்கி விளையாட்டில் கிடந்துவிட்டு முதலாம் பாடவேளையில் தலை கவிழ்ந்து உறங்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கின்றேன். ஒரு நிமிடக் காட்சிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பழகிய கண்ணுக்கு ஒரு பக்கக் கதை மலையாகத் தெரிகின்றது. படத்தை அனுப்பி மிரட்டும் கயமை கிராமங்களுக்கும் வந்துவிட்டது. இவற்றை அறிந்துகொண்டேதான் கேட்கின்றேன். பிள்ளை அதற்குள் போய் விழுந்த நேரத்தில் நாம் எங்கே இருந்தோம்?

வருடாவருடம் தரம் ஒன்பதுக்கு ‘எனது எதிர்கால இலட்சியம்’ என்று கட்டுரை கொடுப்பேன். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்று வரும். சென்ற வருடம் பெயர் எழுதாமல், உண்மையை மட்டும் எழுதுங்கள் என்றேன். “எனக்கு ஒண்டும் தெரியா” என்று சிலர் எழுதியிருந்தார்கள். “வாப்பா கட்டாருக்கு வரச் சொல்றார்” என்று ஒரு பிள்ளை. யூடியூபில் சனல் நடத்தப் போவதாக மூவர். ஒரு தாளில் ஒரு வரி மட்டும் இருந்தது: “ரிசல்ட் வந்தா மட்டுந்தான் வீட்டில இதக் கேப்பாங்க.” அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கின்றேன்.

பரீட்சைகளும் இழுபட்டன. டிசம்பரில் நடந்துவந்த சாதாரண தரப் பரீட்சை, 2021 ஆம் ஆண்டுக்குரியது 2022 மே மாதத்தில்தான் நடந்தது. பரீட்சைக்காகவும் பெறுபேற்றுக்காகவும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஊரில் எந்த வேலைத்திட்டமும் இல்லை. மைதானம் இல்லை. இருக்கும் நூலகம் மாலை ஐந்துக்கு மூடப்படும். போன் மட்டும் இருபத்துநான்கு மணித்தியாலமும் திறந்திருக்கின்றது.

பாதைகள் இல்லாமலில்லை. 2013 இல் உயர் தரத்தில் தொழினுட்பவியல் துறை தொடங்கப்பட்டது. ஒலுவிலில் எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழினுட்பவியல் பீடமே இருக்கின்றது. தேசிய தொழிற் தகைமையின் ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இவற்றைப் பெற்றாரிடம் விளக்கினால், “அது படிக்க ஏலாத பிள்ளைகளுக்கெல்லோ சேர்” என்கின்றார்கள். பிள்ளை கையில் தொழினுட்பம் இருந்தால் கெட்டுவிட்டான், பாடத்தில் தொழினுட்பம் எடுத்தால் மக்கு. இப்படியொரு தீர்ப்பை எந்த நியாயத்தில் வழங்குகின்றோம்?

எனது டின்னுக்குள் கிடந்த தொலைபேசிகளுள் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் தரம் பதினொன்றில் ஒரு பையனிடம் பறித்தேன். கெஞ்சினான். “ஒரு வீடியோ பாதியில நிக்குது சேர்” என்றான். என்ன வீடியோ என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒழுக்காற்றுக் குழுவின் வேலையாக எனக்குப் படவில்லை. தவணை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது அவனது உம்மா அதை எனக்குக் காட்டினார். களப்பில் மீன்பிடித்த அவனது மூத்தவாப்பா வலை பொத்தும் காட்சி. வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் கிழவர் சொல்லும் பெயர்கள், தோணிப் பேச்சு, பழைய காற்றுக் கணக்கு. நாலு நிமிடம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. மீதியை எடுக்க முடியவில்லை. நான் போனைப் பூட்டி வைத்திருந்த தவணைக்குள் கிழவர் மௌத்தாகிவிட்டார்.

அந்தப் பையன் இப்போது கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கின்றான். நன்றாகவே உழைக்கின்றான், கண்டால் ஸலாம் சொல்கின்றான். அவன் கெட்டுப் போகவில்லை. ஆனால் அவன் பெற்ற தொழிலில் எனக்கு ஒரு பங்குமில்லை. அந்தக் கிழவர் சொல்லாமற் போன சொற்களில் எனக்குப் பங்கிருக்கின்றது.

பெண்பிள்ளைகளின் நிலை வேறு. ஆண்பிள்ளைக்குச் சந்தியாவது இருக்கின்றது, கடற்கரையாவது இருக்கின்றது. பெரிய பிள்ளையான பின் பெண்பிள்ளைக்கு மைதானமில்லை, அஸருக்குப் பின் நூலகமுமில்லை. அவளுக்கு உலகத்தின் ஒரே யன்னல் அந்தத் தொலைபேசி. ஊரில் ஏதேனும் நடந்துவிட்டால் முதலில் பறிக்கப்படுவதும் அவளுடையதே. யாரோ ஒரு பையன் செய்த கயமைக்காக எனது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் போனை மூத்த காக்கா நிலத்திலடித்து உடைத்தார். அவளது இரண்டு வருடக் குறிப்புகளும் அதற்குள்தான் இருந்தன.

பொழுதுபோக்கு மனிதனுக்குத் தேவை. அதை ஒளித்து வைத்தால் பசி ஒளிந்துவிடாது. எமது பாடசாலைகள் பலவற்றில் அழகியல் என்றால் சித்திரம் மட்டுந்தான். நாடகமும் அரங்கியலும் பாடத்திட்டத்தில் இருக்கின்றது, படிப்பிக்க ஆளில்லை. பொல்லடியும் களிகம்பும் றபானும் எமது மூத்தவர்களின் முற்றங்களில் இருந்தன. அவற்றை ‘கூடாது’ என்று ஒதுக்கினோம், அல்லது அமைச்சர் வரும் நாளில் மாத்திரம் மேடையேற்றினோம். நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களில் விரிவுரைகளைவிட மாணவர் மன்றந்தான் என்னைப் பேசவைத்தது. இன்று அந்த மன்றப் பாடவேளையைப் பல பாடசாலைகளில் கணிதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பாடசாலையிலும் அப்படித்தான். வெறுமையாய் விட்ட முற்றத்தில் டிக்டொக் வந்து ஆடுகின்றது.

இப்போது எம்மவரிடம், அதாவது இதைப் படிக்கும் எழுத்தாளர்களிடம் வருகின்றேன். கைத்தொலைபேசியால் வாசிப்பு அழிந்துவிட்டது என்று நாம் எத்தனை கவிதை எழுதிவிட்டோம்! நமது நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். முதற்பிரதியைத் தனவந்தர் பெறுவார். பொன்னாடைகள் போர்த்தப்படும். ஏழு பேர் பேசுவார்கள். சபையில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இருக்காது. இருந்தால் கிறாஅத் ஓதவும் தட்டெடுத்துக் கொடுக்கவும் வந்த பிள்ளையாயிருக்கும். அந்த வயதுப் பிள்ளை இரவு முழுக்க விழித்திருந்து படிக்கத்தக்க ஒரு சாகசக் கதையை எமக்குள் யார் எழுதினார்? 1885 இல் ஒருவர் எழுதினார். அதன் பின் அந்த வரிசை ஏன் நீளவில்லை? வாசகனை உருவாக்காமல் வாசகனில்லையென்று அழுவது, விதைக்காதவன் அறுவடைக்கு அரிவாள் தீட்டுவது போன்றது.

நான் கேட்பவை பெரிய காரியங்களல்ல. மன்றப் பாடவேளையைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். அந்த வேளையில் கைத்தொலைபேசி வகுப்புக்குள் வரட்டும், ஆசிரியர் முன்னிலையில், மேசை மேல். ஊரின் வயதானவர்களின் தொழிற்சொற்களையும் பாட்டுகளையும் பதிவுசெய்வது தரம் பத்தின் ஒப்படையாகட்டும். நூலகம் இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும், கிழமையில் சில நாட்கள் பெண்பிள்ளைகளுக்கென்று. ஜும்ஆவில் கைத்தொலைபேசியின் தீமை சொல்பவர், உயர் தரத்தில் என்னென்ன துறைகள் உண்டென்பதையும் வருடத்தில் ஒருதரம் சொல்லட்டும். இந்த இதழ் மாணவர் எழுத்துக்கு நான்கு பக்கம் ஒதுக்கட்டும்.

எனது பங்கை நான் தொடங்கிவிட்டேன். இந்தத் தவணை முடிவில் அலுமாரியைத் திறக்கும்போது கையொப்பம் மட்டும் வாங்கப் போவதில்லை. பெற்றாரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, இதற்குள் என்ன இருக்கின்றது, நீ என்ன செய்ய நினைக்கின்றாய் என்று பிள்ளையிடமே கேட்கப் போகின்றேன். அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. டின்னில் இப்போது பதினொரு தொலைபேசிகள் கிடக்கின்றன. பதினொரு பிள்ளைகளோடும் கதைக்க இரண்டு நாள் பிடிக்கும்.

உங்கள் அடுத்த நூல் எப்போது வெளிவருகின்றது? அதில் பத்துப் பிரதிகளை எந்தப் பாடசாலைக்கு அனுப்பப் போகின்றீர்கள்?