சாராயக் கணக்கும் பென்ஷன் கணக்கும்

"கடைகளை மூடிவிட்டால் பென்ஷனுக்குச் சர்க்கார் எங்கே போகும்?" சங்கராபுரம் கடைத்தெருவில் படித்தவர்கள்கூட இப்படிக் கேட்கிறார்கள். படிக்காதவர் கேட்டால் விளக்கிச் சொல்லலாம். படித்தவர் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

பழைய ஏட்டைச் சற்றுப் புரட்டுவோம். 1937-ல், கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம் ஜில்லாவில், ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. ஜனங்களும் கொடுத்தார்கள். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. அதற்குப் பதிலாக வந்த வரியும் போயிற்றா? போகவில்லை. குடிக்காதவன் வரியையும் குடிப்பவன் காசையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொள்கிறது சர்க்கார்.

சரி, அந்தக் காசு முதியவர் சோற்றுக்காவது போனதா? 2003-ஐப் பாருங்கள். அந்த ஏப்ரல் முதல் தேதிக்குப் பின் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றார்கள். அதே வருஷம் நவம்பரில், சில்லறை மதுக்கடைகளையும் டாஸ்மாக் மூலம் சர்க்காரே எடுத்துக்கொண்டது. கடை வந்த வருஷம்தான் பென்ஷன் போன வருஷம்! ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் லட்சக்கணக்கில் வேலையை இழந்தார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பென்ஷனாக உறுதி சொல்லும் திட்டத்தை அறிவிக்க 2026 ஜனவரி வரை ஆயிற்று. பாட்டில் விற்ற பணம் கிழவருக்குக் கஞ்சி வார்க்கிறது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். பென்ஷன் தருமமல்ல, உழைத்த காலத்தில் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி.

கடை இருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பது இன்னொரு சமாதானம். கடை திறந்தே இருந்த 2023 மே மாதத்தில் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கு மேற்பட்டவர் செத்தார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் அறுபதுக்கு மேல். காட்டுக்குள்ளே அல்ல, ஐயா! ஜில்லாவின் தலைநகரில்.

உடனே பழி மலைமேல் விழுந்தது. ஊறலைக் கொட்டினார்கள், பானையை உடைத்தார்கள். ஆனால் கருணாபுரத்தைக் கொன்றது மெத்தனால். அது மலையில் வெல்லம் போட்டுக் காய்ச்சிய சரக்கல்ல; தொழிற்சாலையில் பிறந்து, லைசென்ஸோடு நடமாட வேண்டிய விஷம். அது எந்த ஆலையிலிருந்து, எந்த லாரியில், யார் கண்ணை மூடியதால் வந்தது என்று கேட்பதல்லவா குற்றத்தடுப்பு?

செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே சட்டத்தைத் திருத்தி, உயிர் போனால் ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்றார்கள். தண்டனையின் நீளத்தைக் கண்டு குற்றவாளி பயப்படுவதில்லை. பிடிபடுவோம் என்றால்தான் பயப்படுவான். நவம்பரில் ஹைகோர்ட்டே இந்த வழக்கை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. இதைவிட உள்ளூர்க் காவலுக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

பென்ஷனாகட்டும், காவலாகட்டும், முன்னாலேயே செய்யவேண்டிய கடமைகள். தள்ளிப்போட்டால் ஒன்று கடனாகிறது, மற்றொன்று பிணமாகிறது. கடனை வட்டியோடு அடைத்துவிடலாம். கருணாபுரத்துக் கணக்கை எந்த பட்ஜெட்டில் அடைப்பார்கள்?