கம்ப்யூட்டர் பட்டம்: முதல் எவ்வளவு, வரவு எவ்வளவு?



பிளஸ் டூ முடிவு வெளியாகும் மாதம் வந்துவிட்டால் நம் கடைகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எதில் சேர்ப்பது? இன்ஜினியரிங்குக்கு மதிப்பெண்ணோ பணமோ போதவில்லை என்றால், அடுத்து நம் நினைவுக்கு வருவது பி.சி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்று ஆண்டுப் படிப்பு. பக்கத்து ஊரிலேயே கல்லூரி. வீட்டிலிருந்தே போய் வரலாம். உடனே பணத்தைக் கட்டிவிடுகிறோம். ஒரு மூட்டை துவரம் பருப்பு எடுக்கக் கையில் அள்ளிப் பார்த்து, நாலு மண்டியில் விலை கேட்கும் நாம், இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

இப்போது பார்ப்போம். தனியார் கல்லூரியில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்கு 1,50,000. லேப்டாப், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து 60,000. மூன்றாவது ஒரு செலவு உண்டு. அதை யாரும் பேரேட்டில் எழுதுவதில்லை. பையன் கடையில் நின்றால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம். மாதம் 10,000 என்றாலும் 36 மாதத்துக்கு 3,60,000. ஆக மொத்த முதல் 5,70,000. அவரவர் ஊர் நிலவரப்படி தொகையை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இனி வரவு. சென்னையிலோ பெங்களூரிலோ 18,000 சம்பளத்தில் சேருகிறான் என்று கொள்வோம். அறை வாடகை, சாப்பாடு 10,000 போக மிச்சம் 8,000. கடையில் நின்றிருந்தால் மிச்சமாகும் 10,000-ஐ விட இது குறைவு. போட்ட முதல் திரும்பவே தொடங்கவில்லை. சம்பளம் 30,000 ஆனால் மிச்சம் 20,000. கடைக் கணக்கைவிட 10,000 கூடுதல். அப்போதும் முதல் திரும்ப 57 மாதம், ஏறக்குறைய ஐந்து வருடம். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. இடம் கிடைத்தால் அதே முதல் ஏறக்குறைய மூன்றரை வருடத்தில் திரும்பிவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கணக்கு வேறு. நம்மில் பெரும்பாலோர் மகளைக் கல்லாவில் உட்கார வைப்பதில்லை. எனவே அந்த 3,60,000 செலவே அவள் பெயரில் எழாது. முதல் 2,10,000 மட்டுமே. மாதம் 8,000 மிஞ்சினாலும் 27 மாதத்துக்குள் முதல் வந்துவிடும். இருந்தும் மகனுக்குக் கட்டத் தயங்காத நாம் மகளுக்குத் தயங்குகிறோம். இது வியாபாரிக்கு அழகல்ல.

"கடைக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வேண்டுமே" என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவம். 1.7.2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. 1.8.2023 முதல் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு இ-இன்வாய்ஸ் போட வேண்டும். ஆனால் பில் போடவும் இருப்பு பார்க்கவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் சில மாத டேலி வகுப்பு போதும். அதற்காக மூன்று வருடம் வேண்டியதில்லை. பட்டம் என்பது புரோகிராம் எழுதும் வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு.

அந்த வேலையிலும் சான்றிதழைவிடக் கைத்திறமைக்கே விலை. ஜோஹோ நிறுவனம் 2005 முதல் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை தந்து பயிற்றுவித்து வேலைக்கு எடுத்து வருகிறது. விப்ரோ நிறுவனம் பி.சி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வழி செய்தது. சாதாரண புரோகிராம்களைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தரும் காலம் இது. எனவே பாடத்தை ஒப்பித்துத் தேறிய பிள்ளைக்கு இனி இன்னும் சிரமம்.

ஆகவே பணம் கட்டுமுன் கல்லூரியில் சிலவற்றைக் கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப்? கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்றா, மூவருக்கு ஒன்றா? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேருக்கு, எங்கே, என்ன சம்பளத்தில் வேலை? 2024-25 முதல் பி.சி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. வரம்புக்குள் வந்திருக்கிறது, அங்கீகாரத்தையும் பாருங்கள். விளம்பரத் தாளை நம்பாமல், படித்து முடித்த இரண்டு பிள்ளைகளிடம் நேரில் விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கில் ஆர்வம் உண்டா என்று பிள்ளையையே கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. சரக்கு எடுக்கும் சுழல் முதலைக் கல்லூரிக்குக் கொண்டுபோகாதீர்கள். தீபாவளி, பொங்கல் கொள்முதலுக்குக் கையில் பணமின்றிக் கந்துவட்டிக்கு ஓடினால் கடையும் போகும், படிப்பும் நிற்கும். வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் நாலு லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும்; முடிந்தால் அதை மாதாமாதம் கட்டிவிடுவது நல்லது.

படிப்பு வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. பிள்ளையின் மூன்று ஆண்டும் ஒரு முதல்தான். அதையும் பேரேட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.