ரயில் ரோட்டும் குறுக்குப் பாதையும்



வெலிமடைக்கு ரயில் கிடையாது. கொழும்புக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய்த்தான் 'உடரட்ட மெனிக்கே'யைப் பிடிக்க வேண்டும். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தண்டவாளத்தின் மேல் தீராத ஆசை.

1894இல் பண்டாரவளைக்கு வந்த ரயில், பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. முப்பது கிலோமீற்றர் சொச்சத்துக்கு முப்பது வருடம்! மலைநாட்டுப் பாதையில் 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்பது கணக்கு. வழியிலுள்ள தெமோதரைச் சரிவு அதற்கு இடம்கொடுக்கவில்லை. அதனால் அங்குள்ள நிலையத்தைத் தாண்டும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்றொரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, எனக்கு மிகவும் பிடித்த கதை.

இதே பாதையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்க உலகமே வருகிறது. பாதையோரத்துத் தோட்டச் சனங்களுக்கோ அது நடந்துபோகும் 'ரயில் ரோட்டு'. பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, சுற்றும் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளை நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சிலிப்பர் கட்டையாக மிதித்தால் எட்டு சிறுத்துவிடும். ஒன்று விட்டு ஒன்று மிதிக்கக் கால் எட்டாது. அரை ஓட்டமும் அரை நடையுமாகப் போகும். பனிமூட்டத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் ரயில் கண்ணுக்குத் தெரியாது. 'தண்டவாளத்தில் நடக்காதே' என்று பலகை நடுவது சுலபம். நடக்க வேறு வழி போட்டுக்கொடுத்துவிட்டு அந்தப் பலகையை நடுங்கள் என்பதுதான் என் கட்சி.

மலைக்குள்ளே இன்னும் எத்தனை பாதைகள்! கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு அவள் பிடித்த நிரையே பாதை. நிறைந்த கூடையோடு மடுவத்துக்கு இறங்கும் குறுக்கு, லயத்திலிருந்து கோயிலுக்கு ஏறும் படி, பீலிக்கரைக்குப் போகும் ஒற்றையடி. மழைக்குப் பின் காலை எங்கே ஊன்றுவது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இவற்றுக்கு வரைபடம் இல்லை.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, நம் தோட்டச் சனங்களை இந்தியாவுக்குக் கொண்டுபோனதும் இதே ரயில்தான். இங்கிருந்து தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒரு தாய் பிள்ளைகளில் பாதிப்பேர் பெட்டிக்குள்ளும் பாதிப்பேர் மேடையிலுமாக அழுத குடும்பங்கள் எத்தனையோ. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் அப்படி ஒரு நாள் இருக்கிறது.

அடுத்த இதழில் சில பக்கங்களை உங்கள் பாதைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். நீங்கள் நடந்த குறுக்குப் பாதையையும் வழியனுப்பிய ரயிலையும் பற்றி எழுதுங்கள். இந்தியாவில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் உறவுகளிடமும் கேட்டு எழுதுங்கள். தாத்தா பாட்டி சொல்லப் பேரப்பிள்ளை எழுதினாலும் சரி. பாதைக்கு உங்கள் தோட்டத்தில் வழங்கும் பெயரை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்